பின் சீற்றில் ஷாஹினா

அத்தியாயம் பதினேழு

விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடித்துப் பாயை மடித்துக்கொண்டிருந்தபோது ஷாஹினாவின் ஃபோன் அடித்தது.

"ராத்தா, நான் ஆஸ்பத்திரிக்கு வந்திட்டன்" என்றாள் சிபானா. "வயித்து நோ லேசாத் தொடங்கிட்டு. இன்னும் நேரம் கிடக்கெண்டு நேர்ஸ் சொல்றா. நீங்க பயப்பட வேணாம்."

அந்தக் கடைசிச் சொல் நடுங்கியது.

"நான் வாறன் புள்ள. நீ ஓதிக்கிட்டு இரி."

"றோட்டு உடைஞ்சி கிடக்காமே ராத்தா?"

"அது என்ட பாடு. நீ படு."

சிபானா அவளுடைய கடைசித் தங்கை. உம்மா மௌத்தாகி மறைந்தபோது சிபானாவுக்கு ஒன்பது வயது. அதே வருஷம்தான் நஜீம் ஷாஹினாவைக் கலியாணம் முடித்து மருதமுனையிலிருந்த அந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தான். பிள்ளை இல்லாத அவர்கள் இருவருக்கும் சிபானாதான் மகள். இப்போது அவள் மொனராகலைப் பக்கம் ஒரு பாடசாலையில் ஆசிரியை. அவள் புருஷன் றிபாத் கப்பலில் வேலை செய்கிறான். இரண்டு கரு கலைந்த பிறகு தங்கிய பிள்ளை இது. தூரப் பயணம் கூடாது என்று டொக்டர் சொன்னதால் அவள் ஊருக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை ஷாஹினா போய்க் கூட நிற்பதாக ஏற்பாடு. பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை வரை பொறுமையில்லை.

தம்பி சப்ரி வந்தான். கல்முனைத் தபாற் கந்தோரில் வேலை செய்பவன். இரண்டு தெரு தள்ளி மனைவி வீட்டில் இருக்கிறான்.

"பஸ் பொத்துவிலோட நிக்குதாம் ராத்தா. லாகுகலைக்கு அங்கால மழைத் தண்ணி றோட்டுப் பாலத்துப் போக்கை உடைச்சிட்டு. காரும் போக ஏலாது. அம்பாறைப் பக்கத்தாலயும் வெள்ளம். மோட்டார் சைக்கிளெண்டா தள்ளிக்கிட்டாவது அங்கால போகலாமாம்."

"அப்ப ஒன்ட சைக்கிள எடு."

சப்ரியின் மோட்டார் சைக்கிள் சிபானாவை விட வயதில் மூத்தது. சிவப்பு டேங்க், தட்டையான நீளச் சீற், சங்கிலியை முழுக்க மூடிய தகரக் கவர். அபாயாவோடு பின்னால் ஏறினாலும் துணி சங்கிலியில் மாட்டாது என்பதால் ஷாஹினாவுக்கு அதில் பயமில்லை.

அவள் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது கேட்டுக்கு முன்னால் இன்னொரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. கறுப்பு நிறம். முன்னால் உயரமான காற்றுக் கண்ணாடி. பின்னாலும் இரண்டு பக்கமும் பெட்டிகள். தெருவில் பாதியை அதுவே பிடித்துக்கொண்டது.

நஜீம் ஹெல்மட்டைக் கழற்றினான். "அஸ்ஸலாமு அலைக்கும்."

நாலு மாதமாக அவன் இந்தக் கேட்டைத் தாண்டவில்லை. டோஹாவிலிருந்து திரும்பி வந்த கையோடு, வீட்டில் ஒரு வார்த்தை கேட்காமல் கொழும்புக்குப் போய் இந்தப் பெரிய சைக்கிளை வாங்கி வந்தான். அதை ஷாஹினா பொறுத்துக்கொண்டாள். ஆனால் ஐந்தாம் மாதத்தில் சிபானாவுக்கு இரத்தம் பட்டு ஆஸ்பத்திரியில் போட்ட அன்று, இவன் கூட்டாளிகளோடு நாட்டைச் சுற்றப் போயிருந்தான். ஃபோன் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. ஷாஹினா பகல் முழுக்க அழைத்துப் பார்த்துவிட்டுத் தனியாக பஸ் ஏறினாள். அவன் திரும்பி வந்ததும் "இனி இஞ்ச இரிக்க வேணாம்" என்றாள். வீடு அவளுடைய சீதன வீடு. அவன் உடுப்பை எடுத்துக்கொண்டு சாய்ந்தமருதில் உம்மா வீட்டுக்குப் போய்விட்டான்.

"சிபானா எனக்கும் ஃபோன் எடுத்தா" என்றான் இப்போது. "நானும் வாறன். இதுல ஏறினா கெதியாப் போயிரலாம். பின்னால சாயவும் பெட்டி இரிக்கி."

ஷாஹினா சலாத்துக்கு மட்டும் பதில் சொன்னாள். பிறகு, "நான் தம்பியோட வாறன்" என்றாள்.

"சரி. பேக்கையாவது தாங்க. மடியில வெச்சிக்கிட்டு அவ்வளவு தூரம் ஏலாது."

அதில் பிள்ளைக்கான துணிகள் இருந்தன. கொஞ்சம் யோசித்துவிட்டுக் கொடுத்தாள்.

கல்முனை பஸாரைத் தாண்டும் வரை சப்ரிக்கு ஒரே சந்தோஷம். முச்சக்கர வண்டிகளுக்கும் மீன் லொறிக்கும் நடுவே கிடைத்த இடுக்கில் பழைய சைக்கிள் நுழைந்து நுழைந்து போனது. பின்னால் பெரியது பெட்டிகளை இடிக்காமல் ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்று வந்தது. காரைதீவுச் சந்தியில் சப்ரி கழுத்தைத் திருப்பிக் கத்தினான்.

"பாத்தீங்களா ராத்தா? எருமை மாடு சந்தைக்குள்ள வந்த மாதிரி!"

"நீ முன்னால பாத்து ஓட்டு."

நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எல்லாம் அப்படியே கழிந்தன. ஆட்கள் குறைந்து பாதை நேரானதும் கதை மாறியது. நஜீம் ஒரு சத்தமும் இல்லாமல் அவர்களை முந்திக் கொண்டு போனான். சற்றுத் தூரத்தில் வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தான். மறுபடி முன்னே போனான். சப்ரி கைப்பிடியை முறுக்கினால் சீற் நடுங்கியது. அந்த நடுக்கம் ஷாஹினாவின் உள்ளங்காலில் தொடங்கி முழங்கால் வரை ஏறியது. வேகத்தைக் குறைத்தால் நேரம் போனது.

திருக்கோவில் தாண்டி வினாயகபுரத்துக்கு வந்தபோது கடற்காற்று இடப்பக்கமிருந்து அடித்தது. ஷாஹினாவின் அபாயா காற்றில் பொங்கியது. பழைய சைக்கிள் நடுப்பாதைக்குத் தள்ளுண்டு திரும்பி வந்தது. ஷாஹினா தம்பியின் இடுப்பை இறுக்கிப் பிடித்து, தெரிந்த ஸூறாவை எல்லாம் ஓதினாள்.

காற்று சட்டென்று குறைந்தது. அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். நஜீம் கடல் பக்கமாக வந்து, அவர்களோடு ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தான். அந்தப் பெரிய கறுப்பு உடம்பும் கண்ணாடியும் பெட்டிகளும் காற்றை அந்தப் பக்கத்திலேயே நிறுத்தின. அவன் இவள் பக்கம் திரும்பவில்லை. எதிரே வாகனம் வந்தால் பின்வாங்கிவிட்டு மீண்டும் அதே இடத்துக்கு வந்தான். கோமாரி வரை அப்படியே வந்தான்.

கோமாரியில் ஒரு தேநீர்க் கடைக்கு முன்னால் நின்றார்கள். ஷாஹினா இறங்கியதும் கால் தரையில் படுவது தெரியவில்லை. கடைக்காரி செல்லத்தங்கம் அவளைப் பார்த்ததும் வாங்கை இழுத்துப் போட்டாள். "இரி புள்ள. காலை நீட்டு. எங்க இவ்வளவு அவதியா?"

"தங்கச்சி புள்ளப் பெற இரிக்கா. மொனராகலைல."

"அப்பிடியோ. ஒண்டும் நடக்காது, நல்லபடியாப் பெத்தெடுப்பா." இஞ்சி போட்ட பிளேன்டீ வந்தது.

வெளியே ஆண்கள் இருவரும் சைக்கிள்களுக்கு நடுவே நின்று கதைத்தார்கள்.

"மருதமுனையில இரிந்து வாறம், பெற்றோல் முள்ளு அசையல்ல மச்சான்" என்றான் சப்ரி.

"ஊருக்குள்ள ஒங்கட சைக்கிளுக்கு நிகரில்ல மச்சான். நான் இல்லெங்கல்ல. ஆனா இந்த நேர் றோட்ல, பின்னால ஆளை வெச்சிக்கிட்டு, அது பாவம் திணறுது. ஒங்கட ராத்தாட காலைப் பாருங்க."

"ஒங்கடது நடுக்காட்டுல நிண்டா? தூக்க நாலு பேர் வேணும். ஒரு சாமான் வேணுமெண்டா கொழும்புக்கு ஓடணும். எனக்கு எந்த ஊர்க் கடையிலயும் சாமான் எடுக்கலாம்."

"நிண்டாத்தானே?"

"ரெண்டு பேருக்கும் சொல்றன்" என்று உள்ளே இருந்து ஷாஹினா கூப்பிட்டாள். "அங்க ஒருத்தி நோவுல கிடக்கா. நீங்க சைக்கிளுக்குச் சம்பந்தம் பேசுறீங்க."

சப்ரி சிரித்துவிட்டான். நஜீமும் சிரிப்பை அடக்கிக்கொண்டு கோப்பையைக் கொடுக்க வந்தான். "இன்னொரு டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டான். நாலு மாதத்துக்குப் பிறகு அவன் அவளிடம் கேட்ட முதல் கேள்வி அது.

"வேணாம். போவம்" என்றாள்.

பொத்துவில் தாண்டிக் காட்டுப் பாதை. மழை தூறியது. லாகுகலைக் குளத்துக்கு அருகில் ஒரு வளைவில், முன்னால் போன நஜீமின் சைக்கிளில் சிவப்பு விளக்குகள் பளிச்சென்று மின்னின. அது வழுக்காமல், ஆணியடித்த மாதிரி நின்றது.

சப்ரியும் பிரேக்கை அழுத்தினான். ஈரத்தில் ஊறிய பழைய பிரேக் பிடிப்பதற்குள் சைக்கிள் பின்பக்கம் வழுக்கி, நஜீமையும் தாண்டிப் போய்த்தான் நின்றது.

முன்னால் பாதையோரத்தில் ஒரு யானை. ஒற்றை ஆண் யானை. காதை மெதுவாக அசைத்துக்கொண்டு அவர்களைப் பார்த்தது.

"இன்ஜினை நிப்பாட்டாதீங்க" என்று பின்னாலிருந்து நஜீம் தாழ்ந்த குரலில் சொன்னான். "ஷாஹினா, மெல்ல இறங்குங்க. என்னப் பாத்து வாங்க. ஓட வேணாம்."

அவள் இறங்கினாள். நஜீமின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தாள். கிட்ட வந்ததும் அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்துத் தன் சைக்கிளுக்குப் பின்னால் நிறுத்தினான். சப்ரி கால்களால் உன்னி உன்னிப் பழைய சைக்கிளைப் பின்னுக்குக் கொண்டுவந்தான். பாரமில்லாத சைக்கிள் என்பதால் அது முடிந்தது.

யானை இன்னும் கொஞ்சம் நின்றது. பிறகு, இவர்களோடு தனக்கு ஒரு வேலையும் இல்லை என்பது போல் பாதையைக் கடந்து புதருக்குள் போய்விட்டது.

நஜீமின் கை அவள் மணிக்கட்டில்தான் இருந்தது. அவளாகவும் எடுக்கவில்லை. சப்ரி "அல்ஹம்துலில்லாஹ்" என்று சொன்ன பிறகுதான் இருவரும் கையைப் பார்த்தார்கள்.

உடைந்த போக்குக்கு வந்தபோது ஊர்ச் சனம் நான்கைந்து பேர் நின்றார்கள். இடிந்த இடத்தில் தென்னங்குற்றிகளைச் சேர்த்துப் போட்டு, மேலே பலகை அடித்திருந்தார்கள். கீழே செந்தண்ணீர் இரைந்து ஓடியது. சப்ரி பழைய சைக்கிளை நடத்திக்கொண்டு, ஆட்டுக்குட்டியைக் கூட்டிப் போவது போல அக்கரைக்குப் போய்விட்டான்.

பெரியதைப் பார்த்ததும் சனம் தலையை ஆட்டியது. பெட்டிகளோடு அது பலகையை விட அகலம். நஜீம் மூன்று பெட்டிகளையும் கழற்றினான். ஷாஹினா ஒன்றைத் தூக்கிக்கொண்டாள். மற்ற இரண்டையும் ஊர்ப் பொடியன்மார் கொண்டுபோனார்கள். பிறகு நஜீம் கைப்பிடியைப் பிடிக்க, இரண்டு பேர் பக்கத்தில் நின்று தள்ள, ஒரு முதியவர் "ஹிமீட்ட, ஹிமீட்ட" என்று மெதுவாகப் போகச் சொல்லி முன்னால் நடந்தார்.

நடுவில் ஒரு குற்றி உருண்டது. சைக்கிள் தண்ணீர்ப் பக்கம் சாய்ந்தது. நஜீமின் கால் வழுக்கியது.

ஷாஹினா கையிலிருந்த பெட்டியைக் கரையில் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பின் சீற்றின் கம்பியைப் பிடித்து இழுத்தாள். அக்கரையிலிருந்து சப்ரியும் ஓடி வந்து முன் சக்கரத்தைப் பிடித்தான். எல்லோருமாக மூச்சுப் பிடித்து நிமிர்த்தினார்கள். பலகை தாண்டித் தரை வந்ததும் நஜீம் அப்படியே சேற்றில் குந்திவிட்டான்.

"சொன்னேனே மச்சான், நாலு பேர் வேணும் எண்டு" என்றான் சப்ரி மூச்சு வாங்கியபடி.

"அஞ்சு பேர்" என்றான் நஜீம், ஷாஹினாவைப் பார்த்து.

அவள் போட்டுவிட்ட பெட்டியை எடுக்கத் திரும்பிப் போனாள். விழுந்ததில் மூடி திறந்து கிடந்தது. உள்ளே அவளுடைய பை. அதற்கு அடியில், கண்ணாடித் தாள் கூடப் பிரிக்காத ஒரு புது ஹெல்மட். பெண்களுக்கானது.

அந்த நேரத்தில் ஃபோன் அடித்தது. சிபானாவின் குரல் முன்பு போல் இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு இழுத்தாள்.

"உள்ளுக்குக் கொண்டு போறாங்க ராத்தா. ஃபோனை வாங்கப் போறாங்க. நீங்க எங்க?"

"வந்திட்டன் புள்ள. இந்தா வந்திட்டன்."

சப்ரி தன் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தான். பெட்டியோடு திரும்பி வந்த ராத்தாவின் முகத்தைப் பார்த்ததும் துணியைக் கீழே போட்டான்.

"ராத்தா, மச்சானோட ஏறுங்க."

"நீ?"

"இனி ஏத்தம். ரெண்டு பேரை வெச்சிக்கிட்டு இது மெல்லத்தான் ஏறும். பிரேக்கும் ஈரம். காட்டுல நடந்தது போதும். மச்சான்டது ஒங்களக் கொண்டு போய்ச் சேக்கும். நான் பின்னால வாறன்." காலையிலிருந்து அந்தச் சைக்கிளுக்காக வாதாடியவன், அதைச் சொல்லும்போது கொஞ்சமும் தயங்கவில்லை.

ஷாஹினா புது ஹெல்மட்டை எடுத்துப் போட்டுப் பார்த்தாள். ஸ்காஃபுக்கு மேலேயும் அது சரியாக இருந்தது.

"இதுல சங்கிலி திறந்து கிடக்கு" என்றான் நஜீம். "அபாயாவ நல்லா மேல எடுத்துக்கங்க."

ஸ்காஃபில் குத்தியிருந்த ஊசிகளில் இரண்டைக் கழற்றி அபாயாவின் ஓரத்தைக் காற்சட்டையோடு சேர்த்துக் குத்தினாள். பிறகு நஜீமின் தோளைப் பிடித்து, உயரமான பின் சீற்றில் ஏறினாள்.

சியம்பலாண்டுவை தாண்டியதும் பாதை மேலே ஏறத் தொடங்கியது. அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. முதுகுக்குப் பின்னால் பெட்டி தாங்கியது. காலில் நடுக்கமில்லை. மழைத்துளிகள் முன் கண்ணாடியில் பட்டுத் தலைக்கு மேலால் போயின. மேட்டிலும் இன்ஜினின் சத்தம் மாறவில்லை. குனிந்து கதைத்தால் அவனுக்குக் கேட்கும் போலிருந்தது.

"ஹெல்மட்ட எப்ப வாங்கினீங்க?"

"சைக்கிள் வாங்கின அண்டைக்கே."

"ஏன் சொல்லல்ல?"

அவன் ஒரு வளைவில் சைக்கிளைச் சாய்த்து நிமிர்த்தினான்.

"சைக்கிள் வாங்க முந்திக் கேட்டிருந்தா என்ன சொல்லியிரிப்பீங்க?"

"வேணாம் எண்டுதான்."

"அந்தப் பயத்துலதான் கேக்கல்ல. கேக்காம வாங்கிட்டு ஹெல்மட்ட நீட்டினா, மூஞ்சில எறிவீங்களெண்டு அதுக்கும் பயம்."

"எறிஞ்சிரிப்பன்" என்றாள் ஷாஹினா. "சைக்கிள் வாங்கினதுக்கில்ல. அண்டைக்கு ஒங்கட ஃபோனுக்கு நான் எத்தினை தரம் எடுத்தன் தெரியுமா? நீங்க எங்கயோ விழுந்து கிடக்கிறீங்களெண்டும் நெனச்சன். அவள நெனச்சி அழுறதா, ஒங்கள நெனச்சி அழுறதா எண்டு தெரியாம பஸ்ஸுல போனன்."

அவன் தோள் அசைவதை அவள் கண்டாள். ஆனால் கைகள் சைக்கிளை நேராகத்தான் பிடித்திருந்தன.

"இப்ப ஃபோன் என்ட சட்டைக்குள்ள கிடக்கு" என்றான் கடைசியில். "அண்டையில இரிந்து அங்கதான்."

அவன் தோளில் வைத்த கையை அவள் எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குள் ஷாஹினா ஓடியபோது நண்பகல் ளுஹர் நேரம் கடந்திருந்தது. லேபர் ரூமுக்கு வெளியே ஒரு வாங்கு. அதில் இருவரும் உட்கார்ந்தார்கள். உள்ளே யாரோ அழுதார்கள், யாரோ அதட்டினார்கள். அது சிபானாவா இல்லையா என்று தெரியவில்லை. கப்பலிலிருந்து றிபாத் ஃபோன் எடுத்தான். நஜீம்தான் பேசினான். "வந்திட்டம் மகன். ரெண்டு பேரும் இஞ்சதான் நிக்கிறம்."

கதவு திறந்தது. நேர்ஸ் சீலைத் துண்டில் சுற்றிய ஒன்றைக் கையில் ஏந்தி வந்தாள்.

"சிபானாட ஆக்கள்? பொம்புளப் புள்ள. தாயும் சுகம்." பிறகு நஜீமைப் பார்த்தாள். "மச்சான் எண்டா நீங்களா? பாங்கு சொல்ல வேணுமாம். அவ கண் முழிச்சதும் அதைத்தான் கேட்டா."

நஜீம் எழுந்தான். சேறு காய்ந்த கைகளைப் பார்த்தான். தண்ணீர்க் குழாய்க்கு ஓடிப்போய் வுளூச் செய்துவிட்டு வந்தான். பிள்ளையை ஷாஹினா வாங்கி அவனுக்கு முன்னால் பிடித்தாள். அவன் குனிந்து, சின்னக் காதுக்குள் மெல்லிய குரலில் பாங்கு சொன்னான். இரண்டாவது வரியில் குரல் உடைந்தது. நிறுத்தி, மறுபடி தொடங்கினான். பிள்ளை நெற்றியைச் சுருக்கிக்கொண்டு கேட்டது.

ஷாஹினாவின் கண்ணீர் துணியில் விழுந்தது.

சப்ரி வந்து சேர்ந்தபோது தலை முதல் கால் வரை நனைந்திருந்தான். பிள்ளையைப் பார்த்துவிட்டு எல்லா நேர்ஸ்மாருக்கும் டொஃபி வாங்கப் போய்விட்டான்.

பின்னேரம் அஸர் நேரத்தில் ஷாஹினா சிபானாவின் கட்டிலடியிலிருந்து வெளியே வந்தாள். நஜீம் அதே வாங்கில் இருந்தான்.

"நான் இவள் நடக்கிற மட்டும் இஞ்சதான்" என்றாள். "நீங்களும் தம்பியும் இருட்ட முந்தி இறங்குங்க. காட்டுப் பாதை."

"ஓம். சப்ரிய முன்னால விட்டு நான் பின்னால போறன்."

அவள் பையைத் திறந்து வீட்டுக் கதவுத் திறப்பை எடுத்து நீட்டினாள். "கோழிக்குத் தீன் போட ஒருத்தருமில்ல. முன் அறையில ஃபேனும் ஓடுது எண்டு நெனைக்கன்."

நஜீம் திறப்பைப் பார்த்தான். கையை நீட்டவில்லை.

"இத வாங்க முந்தி ஒண்டு சொல்லணும். டோஹாக் கம்பனி திரும்பக் கூப்பிடுது. ரெண்டு வருஷத்துக்கு. நேத்துத்தான் ஃபோன் எடுத்தாங்க. இன்னும் உம்மாக்கும் சொல்லல்ல."

ஷாஹினா நின்ற இடத்திலேயே நின்றாள். "நீங்க என்ன சொன்னீங்க?"

"ஊட்ட கேட்டுட்டுச் சொல்றன் எண்டன்."

"எந்த ஊட்ட?"

"நம்மட ஊட்ட."

அவள் அவன் கையை எடுத்து, உள்ளங்கையில் திறப்பை வைத்து மூடினாள்.

"கோழி பசியில கிடக்கும். போய்ப் பாருங்க. மத்தத நான் வந்த பொறகு கதைப்பம்."

அவன் தலையை ஆட்டிவிட்டு நடந்தான். படியில் இறங்கும் வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்காமல் போனவன் இன்று கேட்டுவிட்டான். ஆனால் என்ன பதில் சொல்வது என்பது அவளுக்கே தெரியவில்லை.

உள்ளே பிள்ளை அழுதது. அவள் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள்.